ஜானகியம்மாவைக் காணக் கிருஷ்ணகிரியிலிருந்து மைசூருக்கு

சிறுவயதில் மனத்தைப் பறிகொடுத்த பாடகர் ஒருவரை நேரில் காண, அவருடைய மற்ற ரசிகர்களோடு சேர்ந்து பயணம் போனதுண்டா, போனதில் என்ன கிடைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள். போயிருக்கிறேன். 2017 அக்டோபர் 28 அன்று மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்துத் திறந்தவெளி அரங்கில் எஸ்.ஜானகி அவர்கள் பாடினார்கள். இனி மேடையேறிப் பாடுவதில்லை என்று அவர் முன்னரே அறிவித்திருந்த நிகழ்ச்சி அது. அப்போது அவருக்கு வயது 79. கிருஷ்ணகிரியிலிருந்து வேன் பிடித்து நாங்கள் போனோம். தனியாகப் போயிருந்தால் என் பாட்டுகளைப் பாடிய ஜானகியம்மாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பேன். கூட வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஜானகியம்மாவைக் கூட்டி வந்தார்கள். எனக்குக் கிடைத்த பெரிய பேறு அதுதான்.

எங்கள் மாவட்டத்தை அறியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2004இல் தர்மபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டம் கர்நாடகத்தையும் ஆந்திரத்தையும் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சந்தையில் மூன்றையும் கலந்து பேசுபவர்கள் ஏராளம். குண்டூர் மாவட்டத்து ரேபள்ளை வட்டாரத்தில் பிறந்து, 1957இல் ‘விதியின் விளையாட்டு’ என்ற தமிழ்ப் படத்தின் மூலம் திரைக்கு வந்து, தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் அந்தந்த மண்ணின் மகளாகவே பாடிய ஒருவரை, இந்த மூன்று மொழிக்காரர்களும் தங்களவர் என்று உரிமை கொண்டாடுவதில் வியப்பில்லை. எங்கள் வேனுக்குள் அந்த உரிமைப் பேச்சு குருபரப்பள்ளி தாண்டுவதற்குள்ளாகவே தொடங்கிவிட்டது.

என் பங்கு எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகள். 1981இல் வந்த ‘மௌன கீதங்கள்’ படத்தில் ஒரு சிறுவன் தன் அப்பாவை நினைத்துப் பாடும் பாட்டை நான் வானொலியில் கேட்டபோது எனக்கும் ஏறக்குறைய அந்தச் சிறுவனின் வயதுதான். அதைப் பாடியவர் நாற்பதைக் கடந்த ஒரு பெண்மணி என்று அப்பா சொன்ன நாள் முதல், வானொலியில் அந்தப் பெயர் வந்தாலே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். சற்று வளர்ந்த பிறகு பெங்களூர் சாலையில் இருந்த ஒரு கேசட் கடையில் பாட்டுப் பதிவு செய்து வாங்கத் தொடங்கினேன். வெற்றுக் கேசட்டோடு, கோடு போட்ட நோட்டுத் தாளில் பாட்டுகளை வரிசை போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான். என் முதல் கேசட்டின் ஒரு பக்கத்தில் கடைசியாக இருந்தது 1980இல் வந்த ‘ஜானி’ படத்தின் ‘காற்றில் எந்தன் கீதம்’. இரண்டாவது சரணத்தின் நடுவிலேயே நாடா தீர்ந்து, டேப் ரெக்கார்டரின் கட்டை டப்பென்று எழும்பிவிடும். இன்றைக்கும் அந்தப் பாட்டை முழுவதுமாகக் கேட்கும்போது, அந்த இடம் வந்தவுடன் என் காது அந்தச் சத்தத்துக்காக ஒரு கணம் காத்திருக்கிறது.

காவேரிப்பட்டினத்திலிருந்து வந்த நாகஸ்வர வித்வானுக்கு இந்தக் காலம் எல்லாம் பொருட்டே அல்ல. அவருக்கு ஜானகியம்மா என்றால் 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’. அதில் காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாகஸ்வரத்தோடு அவர் பாடிய ‘சிங்காரவேலனே தேவா’. எங்கள் பகுதியில் கல்யாண வரவேற்பில் நாகஸ்வரம் வாசிக்கப் போனால், கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து வந்து அந்தப் பாட்டைக் கேட்காமல் இருப்பதில்லையாம். ஜானகியம்மா சிறுமியாக இருந்தபோது முதலில் சங்கீதம் சொல்லிக் கொடுத்தவர் பைடிசாமி என்ற நாகஸ்வரக் கலைஞர்தான் என்பதை அந்த வேனில் அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை, தன் குடும்பத்துப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறவரின் பெருமை. பாட்டும் வாத்தியமும் மாறி மாறி வரும் கடைசிப் பகுதியில், நாகஸ்வரம் வாசித்துவிட்டுப் போன பிடியை, அந்தச் சிறு ஸ்வரக் கோவையை, குரல் எப்படி அப்படியே வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது என்று தம் முழங்காலில் விரல்களை வைத்து வாசித்தே காட்டினார். மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது என்று கேட்கவே கேட்காது, கவனியுங்கள் என்றார். வேனின் ஸ்பீக்கரில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். அவர் சொன்னது உண்மை.

சூளகிரிப் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சருக்குத் தாய்மொழி தெலுங்கு. ஜானகியம்மாவுக்குக் கிடைத்த நான்கு தேசிய விருதுகளில் இரண்டு தமிழுக்கு, ‘16 வயதினிலே’ படத்துக்கும் ‘தேவர் மகன்’ படத்துக்கும். ஒன்று ‘ஓப்போள்’ என்ற மலையாளப் படத்துக்கு. ஒன்று 1984இல் வந்த ‘சிதாரா’ என்ற தெலுங்குப் படத்துக்கு. இந்தச் ‘சிதாரா’ பாட்டை, கோதாவரியின் நிலவொளியைப் பாடும் பாட்டை, டீச்சர் எங்களுக்கு வரி வரியாகப் பொருள் சொல்லிப் பாடிக் காட்டினார். இசை இளையராஜா என்றதும், வேனில் இருந்த தமிழர்கள் பாதி விருது நமக்குத்தான் என்று உரிமை கோரினோம், டீச்சர் விட்டுக்கொடுக்கவில்லை.

தளியிலிருந்து வந்த கன்னட நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் மொழிக்கு ஒரு தேசிய விருதும் இல்லை, ஆனால் கடைசியாகப் பாடுவதற்கு அம்மா எங்கள் ஊருக்குத்தானே வருகிறார் என்றார். யாருக்கும் பதில் வரவில்லை. நிகழ்ச்சியைப் பற்றிய செய்தியைக் கன்னடப் பத்திரிகையில் படித்து எங்களுக்குச் சொன்னவரும், மைசூரில் இருக்கும் உறவினர் மூலமாக இடத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். டாக்டர் ராஜ்குமாரோடும், அதற்கு முன் பி.பி.ஸ்ரீநிவாஸோடும் ஜானகியம்மா பாடிய கன்னட டூயட் பாட்டுகளைக் கேட்டே தன் இளமை கழிந்தது என்று சொன்னவர், 1974இல் வந்த ‘எரடு கனசு’ படத்தின் ‘பூஜிசலெந்தே’ பாட்டைப் போட்டார். காலை நேரத்துப் பூசைப் பாட்டு. எழுபதுகளில் இப்படிப் பாடியிருக்கும் ஒருவரை, அத்திப்பள்ளி எல்லைக்கு இந்தப் பக்கம் வளர்ந்த நான் இத்தனை காலம் கேளாமல் இருந்திருக்கிறேனே என்று அப்போது தோன்றியது.

இந்தப் பயணத்துக்கு வீடுகளில் எளிதாக அனுமதி கிடைத்துவிடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2016 செப்டம்பரில், காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிக்கப்பட்டதையும், நம் ஊர்க்காரர்கள் அத்திப்பள்ளி வரை வந்து எல்லையை நடந்தே கடந்ததையும் எங்கள் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்கவில்லை. மைசூருக்குப் போகும் சாலையோ காவிரிப் போராட்டங்கள் சூடுபிடிக்கும் மத்தூர், மண்டியா வழியாகப் போகிறது. அன்று விரைவுச் சாலை கிடையாது. ஒவ்வொரு ஊருக்குள்ளும் நுழைந்துதான் போக வேண்டும். டிஎன் 24 என்று எழுதிய வேனில் போகிறீர்களே என்று வித்வானின் துணைவியார் வாசல்வரை வந்து கவலைப்பட்டார். மண்டியாவில் தேநீர் குடிக்க இறங்கியபோது கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். நாங்கள் சற்றுத் தயங்க, டீச்சர்தான் தெலுங்கு கலந்த கன்னடத்தில் ஊரையும் சொல்லி, போகும் காரியத்தையும் சொன்னார். கடைக்காரர் உடனே அடுப்படியில் இருந்த தம் மனைவியை அழைத்து, ஜானகம்மாவைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றார். அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவருக்கும் வர ஆசைதானாம், கடையை விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். எங்கள் சார்பிலும் கும்பிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

‘சந்திப்பது’ என்பதைப் பற்றி எங்களுக்குள் ஒரு விவாதம் நடந்ததையும் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், கால் தொட்டு வணங்கி, ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கைபேசிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவன் மிகவும் விரும்பினான். வித்வான் கூடாது என்றார். 79 வயதில் பல மணி நேரம் பாடி முடித்த ஒருவரை நிற்க வைத்து, கூட்டம் கூட்டமாகத் தோளை உரசிக்கொண்டு படம் எடுப்பது அன்பு ஆகாது என்பது அவர் எண்ணம். கச்சேரி முடிந்த கலைஞனுக்கு முதலில் வேண்டியது தண்ணீரும் நாற்காலியும்தான், நான் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன், எனக்குத் தெரியும் என்றார். தம்பி முகம் வாடினாலும் ஒப்புக்கொண்டான். நானும் வித்வான் பக்கம்தான். ரசிகனுக்கும் கலைஞருக்கும் நடுவில் இருக்க வேண்டிய அந்தச் சில அடி தூரத்தை மதிக்கத் தெரிவது ரசிகனின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன். கைபேசிகள் வந்தபின் அது குறைந்துகொண்டே வருவது எனக்கு வருத்தம் தருகிறது.

அரங்கைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. கூட்டம், நெரிசல், எங்கும் இருப்பதுதான். ஜானகியம்மா மேடைக்கு வந்ததிலிருந்து நான் கவனித்ததைச் சொல்கிறேன். அவர் பாடும்போது முகத்தில் எந்தப் பாவனையும் இருக்காது, கை அசையாது என்று பலரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதை நேரில் பார்ப்பது வேறு. குழந்தையாகவும் கிழவியாகவும், கிராமத்துப் பெண்ணாகவும் பக்தையாகவும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் எங்கள் காதுக்குள் நடித்த அந்தக் குரலுக்குரியவர் இத்தனை அடக்கமாக, ஏதோ கணக்கு நோட்டைச் சரிபார்க்கிறவரைப் போன்ற முகத்தோடு பாடுகிறார். நடிப்பு முழுவதையும் குரலுக்கே கொடுத்துவிட்டு, உடம்புக்கென்று எதையும் மிச்சம் வைக்காத கலை அது. குரலில் வயது தெரியத்தான் செய்தது. ஒலிப்பதிவில் நாம் கேட்டுப் பழகிய அந்த வழுக்கிச் செல்லும் எளிமை சில இடங்களில் உழைப்பாக மாறியிருந்தது. ஆனால் சுருதியைத் தேடிப் போய் நிற்கும் அந்தப் பிடிவாதம் மாறவில்லை. வித்வான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்.

மைசூர் என்பதால் கன்னடப் பாட்டுகள்தான் மிகுதி. அங்கேதான் கூட வந்தவர்களின் அருமை எனக்குப் புரிந்தது. பல பாட்டுகளுக்கு முதல் இசை எழும்பியவுடனே பல்லாயிரம் பேர் ஆரவாரம் செய்தார்கள். எனக்கு அது எந்தப் பாட்டு என்று தெரியாது. தளி நண்பர் என் காதருகே குனிந்து படத்தின் பெயரையும், யார் நடித்தது, எந்தக் கட்டத்தில் வரும் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பாட்டுக்குச் சொல்ல வாயெடுத்தவரால் சொல்ல முடியவில்லை. தன் தாயாருக்குப் பிடித்த பாட்டு என்று பிற்பாடு வேனில் சொன்னார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் தூங்கியவர் யாருமில்லை. 2013இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது, காலம் கடந்து வந்தது என்றும் தென்னகக் கலைஞர்களுக்கு உரிய மதிப்புத் தரப்படுவதில்லை என்றும் சொல்லி ஜானகியம்மா அதை ஏற்க மறுத்ததைப் பற்றிப் பேச்சு வந்தது. வாங்கியிருக்கலாம் என்றார் டீச்சர். பாட வந்து 55 ஆண்டுகள் கழித்து நினைவுக்கு வந்தவர்களிடம் அவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று நான் கேட்டேன். இன்றும் அதுதான் என் கருத்து. அந்த மறுப்பு தனக்காக மட்டும் சொன்னதல்ல. அவருக்கு முன்னும் பின்னும் பாடிய எத்தனையோ பேருக்காகவும் சேர்த்துச் சொன்னது.

உங்களுக்குப் பிடித்த பாடகர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. யாராக இருந்தாலும், போவதென்றால் உங்கள் வயதுக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொண்டு போகாதீர்கள். உங்களுக்கு முன்னால் கேட்டவர் ஒருவர், வேறு மொழியில் கேட்டவர் ஒருவர், பாட்டின் தொழில் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். வழி நெடுக அவர்கள் பாட்டுகளைப் போடச் சொல்லுங்கள். உங்கள் பாட்டுகளுக்கு இன்னொரு நாள் கிடைக்கும்.

எங்கள் கூட்டம் இன்னும் கலையவில்லை. ஜானகியம்மாவின் பிறந்தநாளான ஏப்ரல் 23 அன்று காவேரிப்பட்டினத்தில் வித்வான் வீட்டுத் திண்ணையில் கூடுகிறோம். மாங்காய் வரத்துத் தொடங்கும் நேரம் என்பதால் யாராவது ஒரு கூடை கொண்டுவருவார்கள். அவரவர் தாய்மொழி அல்லாத மொழியில் ஒரு பாட்டைப் பாட வேண்டும் என்பது டீச்சர் வைத்த விதி. கைபேசிக் கடைத் தம்பி ‘பூஜிசலெந்தே’யை மனப்பாடம் செய்து வந்து பாடினான், தளி நண்பர் இரண்டு இடத்தில் உச்சரிப்பைத் திருத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பாடு என்றார்.