டீக்குப் போனால் அரை மணி நேரம்: சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் ஒரு ஜவுளிக் கடையில் மேலாளராக இருக்கிறேன். விற்பனையில் 14 பேர், பாதிக்கு மேல் பெண்கள். காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டு டீக்குப் போகிறவர்கள் அரை மணி நேரம் கழித்துத்தான் வருகிறார்கள். அதுவும் நாலைந்து பேராகச் சேர்ந்து. இனி தாமதமானால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடு என்கிறார் முதலாளி. பிடிக்கலாமா?

பதில்: கூடாது. வேலையில் இல்லாத நேரத்துக்கு எவ்வளவு சம்பளமோ அவ்வளவுதான் பிடிக்கலாம். இருபது நிமிடம் தாமதம் என்றால் இருபது நிமிடச் சம்பளம். அதற்கு மேல் பிடித்தால் அது அபராதம். அபராதம் போட வேண்டுமானால், எந்தத் தவறுக்கு என்று முன்பே அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். தவறு செய்தவர் தரப்பைக் கேட்டிருக்க வேண்டும். மொத்தமும் அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சரி, முதலாளி கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்றால் இன்னொரு கணக்கையும் அவரிடம் காட்டுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரிடம் தொடர்ந்து வேலை வாங்க வேண்டுமானால், இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. மிஞ்சினால் இரட்டைச் சம்பளம். நம் ஊர் ஜவுளிக் கடைகளில் காலை ஒன்பதரைக்கு வந்தவர் இரவு ஒன்பது மணிக்குப் படி இறங்குவதும், மதியச் சாப்பாட்டை இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டு ஓடி வருவதும் உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் கடையிலும் அப்படித்தான் என்றால், டீ நேரத்தில் போன அந்த இருபது நிமிடத்தைப் பற்றிப் பேச முதலாளிக்கு வாய் இருக்காது. முதலில் மதிய ஒரு மணி நேரத்தை முழுசாகக் கொடுங்கள்.

அப்புறம், போகிறவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். நோட்டுப் போட்டு எழுத வேண்டாம், எழுதினால் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பெண்களுக்குக் கடையில் ஒழுங்கான கழிப்பறை இல்லையென்றால், டீ என்று சொல்லிவிட்டு அவர்கள் தேடிப் போவது அதைத்தான். பலர் அதற்குப் பயந்தே தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. உட்காரவும் வழி வேண்டும். விற்பனையில் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் இதே சட்டத்தில் திருத்தம் வந்தது. ஸ்டூல் போட்டும் உட்கார்ந்தால் முறைக்கிறீர்கள் என்றால், அவர்கள் டீக்கடை பெஞ்சில்தான் உட்காருவார்கள்.

எல்லோருக்கும் 11 மணிக்கு டீ என்பதும் ஜவுளிக் கடைக்குச் சரிப்படாது. ஒரு ஆச்சி வந்து பத்துக் கண்டாங்கியை விரிக்கச் சொல்லி, கட்டத்தையும் பார்டரையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "பேத்திகிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்று எழுந்து போய்விட்டால், அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்க வேண்டும். மணி அடித்தது என்று அதை அப்படியே போட்டுவிட்டுப் போவதால்தான் கவுன்டர் அலங்கோலமாகிறது. ஆகவே பத்தேமுக்காலிலிருந்து பன்னிரண்டுக்குள் இரண்டிரண்டு பேராக, விரித்ததை மடித்து முடித்தவர் முதலில், பக்கத்துக் கவுன்டர்காரரிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். இரண்டு பேர் திரும்பினால்தான் அடுத்த இரண்டு பேர். அப்போது தாமதமானால் நீங்கள் அதட்ட வேண்டியதில்லை, காத்திருக்கிறவரே போனில் கூப்பிட்டுவிடுவார்.

மாலை நாலு மணிக்கு வேறு வழி. டீயைத் தூக்கில் கடைக்கே வரவழைத்து, கூட ஆளுக்கு இரண்டு மசாலா சீயம், முதலாளி செலவில். சிகரெட்டுக்காக வெளியே போகிற இரண்டு பேர் எப்படியும் போவார்கள். அதை விட்டுவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் மட்டும் தினமும் அரை மணி நேரம் எடுத்தால், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போட வேண்டாம். காரணம் வீட்டில் கைக்குழந்தையாகவோ, கடன்காரர் போனாகவோ இருக்கலாம். அதற்கு நேரத்தை மாற்றிக் கொடுத்தாலே போதும். காரணமே இல்லையென்றால் அடுத்த முறை எச்சரிக்கையை எழுத்தில் கொடுங்கள், நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

தீபாவளி நெருக்கத்தில் இந்த முறை எடுபடாது. அப்போது தற்காலிகமாக ஆள் போடச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இதே இடைவேளை உண்டு.