பினாங்கில் இருந்துகொண்டு தாத்தாவின் சொந்தங்களைத் தேடுவது எப்படி?

தாத்தா கப்பலேறி பினாங்கு வந்தவர், 'சேலம் பக்கம்' என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது, அங்கே இருக்கும் சொந்தங்களை எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வம் எது என்று கேளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. பெயரை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டு மூன்று தலைமுறையில் தடம் அறுந்துபோகும். குலதெய்வக் கோயிலோ பங்காளிகள் எல்லாரும் ஒன்றுகூடும் இடம். யார் எந்த வகையறா, எந்த வீட்டிலிருந்து மலாயாவுக்குப் போனார்கள் என்று அங்குள்ள பூசாரிக்கோ வயதானவர்களுக்கோ தெரிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு.

அப்புறம் பழைய பெட்டியைக் கிளறுங்கள். பாஸ்போர்ட், இறப்புச் சான்றிதழ், ஊரிலிருந்து வந்த கடிதங்களின் உறை எதையும் விடாதீர்கள். உறையில் 'சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா' என்றிருந்தால் இன்றைய சேலம் மாவட்டத்தில் தேடிப் பயனில்லை. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமாகிவிட்டது.

தாத்தா வேலை செய்த தோட்டம் தெரியுமா? தோட்ட வேலைக்கு ஆள் திரட்டிய கங்காணிகள் பெரும்பாலும் தங்கள் ஊர், சுற்றுவட்டார ஆட்களைத்தான் அழைத்து வந்தார்கள். அதனால் அதே லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்களுக்கு உங்கள் ஊர் தெரிந்திருக்கலாம். கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும் ஒருமுறை பாருங்கள்.

சரி, ஆள் கிடைத்துவிட்டார்கள் என்றால் எடுத்த எடுப்பில் நிலபுலன் பற்றி விசாரிக்காதீர்கள். பங்கு கேட்க வந்திருக்கிறார்களோ என்ற பயம் அவர்களுக்கு வருவது இயல்பு. தாத்தாவின் படத்தை அனுப்பி, அவருடைய கூடப்பிறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.