ஆள் மாறினால் என்விஆரில் திரை கருப்பாவது பற்றி

வணக்கம். உட்லண்ட்ஸ் துணைப்பாட நிலையக் கவுண்டர் கணினியின் திரையை என்விஆரில் (கேமரா காட்சிகளைப் பதிவுசெய்யும் பெட்டி) பதிவுசெய்கிறீர்கள்; காலை ஊழியர் இருக்கும்வரை அதில் திரை தெரிகிறது, மாலை ஊழியர் தம் கணக்கில் நுழைந்ததும் கருப்பாகிவிடுகிறது என்றீர்கள். கேபிளையோ என்விஆரையோ குறை சொல்லாதீர்கள்.

விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் தனி செஷன், அதாவது தனித் திரையுள்ள வேலையிடம். திரையைப் பிடித்து அனுப்பும் எஃப்எஃப்எம்பெக் நிரல் காலை ஊழியரின் செஷனில் ஓடுவதால் மாலை ஊழியரின் திரை அதன் கண்ணுக்கே படாது. அதைச் சர்வீஸாக (யாரும் நுழையாமலே பின்னணியில் ஓடும் நிரலாக) ஓட்டினாலும் பயனில்லை. விஸ்டாவிலிருந்து சர்வீஸ்கள் பயனர் திரை எதுவும் தெரியாத செஷன் 0-வில் அடைபட்டுக் கிடக்கின்றன.

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். வீடியோவை வாங்கி மற்றவர்க்குக் கொடுக்கும் மீடியாஎம்டிஎக்ஸ் நிரலை சர்வீஸாக ஓட விடுங்கள். அதற்குத் திரை தேவையில்லை, 8554 போர்ட்டில் என்விஆருக்கு ஆர்டிஎஸ்பி (கேமராக்கள் வீடியோ அனுப்பும் முறை) வழியே வீடியோ கொடுத்தால் போதும். எஃப்எஃப்எம்பெக்கை, நிரல்களைத் தானாகத் தொடங்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில், எந்தப் பயனர் லாகான் செய்தாலும் அவர் கணக்கிலேயே தொடங்கும்படி வையுங்கள். இருவரின் எஃப்எஃப்எம்பெக்கும் மீடியாஎம்டிஎக்ஸில் ஒரே முகவரிக்கு அனுப்பட்டும். புதிதாக வருபவர் பழையவரைத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பார்; மீடியாஎம்டிஎக்ஸின் இயல்பே அதுதான்.

அப்புறம், எஃப்எஃப்எம்பெக் கட்டளையில் '-பிக்ஸ்_எஃப்எம்டி ஒய்யுவி420பி' (-pix_fmt yuv420p) சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எச்.264 வீடியோ 4:4:4 என்ற நிற வடிவில் போகும். கணினியின் விஎல்சி பிளேயரில் அழகாக ஓடும், என்விஆர் முழிக்கும்.

பூட்டுத் திரையும் நிர்வாகி அனுமதி கேட்கும் திரையும் எப்படியும் பதிவாகாது. அதை விட்டுவிடுங்கள்.

திரை பதிவாவதை ஊழியர்களிடம் சொல்லிவிட்டீர்களா? சிங்கப்பூரில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 இருக்கிறது. பெற்றோரின் தொலைபேசி எண்களும் அந்தத் திரையில்தானே வரும்? என்விஆர் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.