நடக்கத் தொடங்கிய குழந்தையும் முதல்முறை அம்மாவும்: கேள்வி பதில்

ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளையோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் அம்மாக்கள் கேட்டவை இவை. குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன்; இரண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கிறேன். இரண்டு அனுபவத்தையும் வைத்தே பதில் சொல்கிறேன். மருந்து அளவு கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை. அது குழந்தையை நேரில் பார்த்து, எடை போட்டு மருத்துவர் சொல்ல வேண்டியது.

அக்கா, என் மகளுக்கு 15 மாதம். ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டாள். இப்போது இரண்டு வாய் வாங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கிண்ணத்தோடு வீடு முழுக்க அவள் பின்னால் ஓடுகிறேன். ஒரு வேளைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. எடை குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடுகிறது. 12 மாதத்தில் 6 கிலோ. இரண்டாவது வருடம் முழுக்கச் சேர்த்தாலும் கூடுவது 2 முதல் 2.5 கிலோதான். வளரும் வேகம் குறைகிறது, பசியும் அதோடு சேர்ந்து குறைகிறது. அவள் உங்கள் சமையலை வெறுக்கவில்லை. உடம்பு கேட்கிற அளவுக்கு வாயைத் திறக்கிறாள், அவ்வளவுதான்.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதற்கு ஒரு வேலைப் பிரிவினை சொல்லியிருக்கிறார். என்ன உணவு, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் வேலை. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. சாப்பாட்டு நேரம் சண்டையாகிப்போன வீடுகளில் நான் பார்த்தது என்னவென்றால், அம்மா தன் வேலையோடு குழந்தையின் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருப்பார். என் மூத்தவனிடம் நானும் அதையேதான் செய்தேன். இளையவள் வந்த பிறகுதான் கையை எடுக்கக் கற்றுக்கொண்டேன்.

இன்றிலிருந்து இப்படிச் செய்து பாருங்கள். தினமும் ஒரே இடம், உட்கார்ந்து மட்டும். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிறுதீனி; மற்ற நேரத்தில் தண்ணீர் போதும். அவள் கையிலும் ஒரு கரண்டி இருக்கட்டும். தரையெல்லாம் சிந்தும், சிந்தட்டும். 20, 30 நிமிடம் ஆனதும் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். பசும்பால் எவ்வளவு குடிக்கிறாள் என்றும் பாருங்கள். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் பாலே வயிற்றை நிரப்பிவிடும், இரும்புச்சத்தும் குறையும். புது உணவு ஒன்றை முதல் தடவை துப்பினால் அத்தோடு விட்டுவிட வேண்டாம். பத்து, பதினைந்து தடவை தட்டில் பார்த்த பிறகு தானாக எடுத்து வாயில் வைக்கும் குழந்தைகள் நிறைய.

பின்னால் ஓடி ஊட்டுவதை நான் இவ்வளவு எதிர்ப்பதற்கு இன்னொரு காரணம், புரையேறுவது. ஓடும் குழந்தை, சிரிக்கும் குழந்தை, படுத்திருக்கும் குழந்தை, யார் வாயிலும் உணவு வைக்கக் கூடாது. முழுக் கடலை, கடினமான மிட்டாய் எல்லாம் நான்கு ஐந்து வயது வரை வேண்டவே வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கிக் கொடுங்கள்.

வளர்ச்சி அட்டையில் அவள் கோடு தொடர்ந்து கீழே இறங்கினாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமினாலோ, மூன்று நான்கு உணவைத் தவிர எதையும் தொடவே மாட்டேன் என்றாலோ டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி இது இந்த வயதின் இயல்பு.

தட்டை எடுத்துவிட்டால் பட்டினியாகத் தூங்கிவிடுவாளே?

இரண்டு, மூன்று மணி நேரத்தில் அடுத்த வேளை வந்துவிடும். இரவுச் சாப்பாட்டைத்தான் தொடவில்லை என்றால், படுப்பதற்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் ஒரு சிறுதீனியை நீங்களே நேரம் வைத்துக் கொடுக்கலாம். ஒரு நாளை மட்டும் பார்த்தால் மனம் பதறும். ஒரு வாரம் மொத்தமாக என்னென்ன உள்ளே போனது என்று எழுதிப் பாருங்கள், நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே இருக்கும்.

என் மகனுக்கு 22 மாதம். கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் விழுந்து புரண்டு அழுவான். போன வாரம் அழுதுகொண்டே மூச்சு நின்று, உதடு நீலமாகி, என் கையிலேயே துவண்டுவிட்டான். அரை நிமிடத்தில் சரியாகிவிட்டான், ஆனால் எனக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை. அதிலிருந்து எது கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் சொல்வது மூச்சடக்க நிகழ்வு மாதிரி இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் சில குழந்தைகளுக்கு வரும். அதிர்ச்சி, வலி, கோபம் என்று ஏதோ ஒன்றில் அழத் தொடங்கி, மூச்சை வெளியே விட்டபடி அப்படியே நின்றுவிடும். அவன் உங்களை மிரட்டுவதற்காக வேண்டுமென்றே செய்யவில்லை. அது உடம்பு தானாகச் செய்வது. மயங்கிய அடுத்த நொடிகளில் மூச்சும் தானாகவே திரும்பிவிடும்.

மறுபடி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்காதீர்கள், வாய்க்குள் விரல் விடாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். முதல் முறை என்பதால் இந்த வாரமே ஒரு டாக்டர் அவனைப் பார்த்தாக வேண்டும். வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் சில சமயம் இதே மாதிரி தோன்றும், அது இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். இரும்புச்சத்துக்கான ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இரும்பு குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு இது அடிக்கடி வரும். அதைச் சரிசெய்தால் குறைவதும் உண்டு. ஒரு நிமிடத்தைத் தாண்டி மயக்கம் தெளியாவிட்டாலோ, அழுகையே இல்லாமல் வந்தாலோ அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இனி அடத்துக்கு வருவோம். ஆசையை அடக்குவது, காத்திருப்பது, மனசை மாற்றிக்கொள்வது இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதி இரண்டு வயதில் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது. ஆசை மட்டும் முழு அளவில் இருக்கிறது, சொல்லத் தெரிந்த வார்த்தையோ கொஞ்சம். அந்த நேரத்தில் நீங்கள் செய்யும் நீண்ட விளக்கம் எதுவும் அவன் காதில் ஏறாது. பக்கத்தில் தரையில் உட்காருங்கள். "கோபமா இருக்கு. அது வேணும்னு இருக்கு. இப்ப கிடையாது." அவ்வளவு போதும். அப்புறம் அவன் அடங்கும் வரை அங்கேயே இருங்கள்.

மறுத்ததைப் பயத்தினால் கொடுக்காதீர்கள். "இல்லை" என்று சொல்வது உங்கள் வேலை, அதற்கு அழுவது அவன் வேலை. ஆனால் நாளுக்கு நாற்பது முறை "இல்லை" சொல்ல வேண்டியிருந்தால் தவறு வீட்டை வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. தொடக் கூடாதவற்றை மேலே ஏற்றிவையுங்கள். பசி, தூக்கம் வரும் நேரங்களில் வெளியே கூட்டிப்போவதைத் தவிருங்கள். பாதி அழுகை அதிலேயே போய்விடும்.

13 மாதம் ஆகிறது, இன்னும் தனியாக நடக்கவில்லை. வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளின் குழந்தைகளைப் பார்த்து வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 17 மாதம் வரை பரந்து கிடக்கிறது. 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால் காட்டுங்கள். சக்கரம் வைத்த வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது. படியில் உருண்டு தலையில் அடிபடும் ஆபத்தைத்தான் கொண்டுவரும். கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. வெறுங்காலோடு தரையில் விடுங்கள், போதும்.

20 மாதப் பையன். நான் ஒரு மொழி, அவன் அப்பா வேறு மொழி பேசுகிறோம். நான்கைந்து வார்த்தைதான் வருகிறது. இரண்டு மொழியால் குழம்பிவிட்டான் என்கிறார்கள். ஒரு மொழியை நிறுத்திவிடவா?

நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி பேச்சைத் தாமதப்படுத்தாது. இரண்டிலும் உள்ள வார்த்தைகளைச் சேர்த்து எண்ணுங்கள்.

வார்த்தை எண்ணிக்கையைவிட நான் முதலில் கேட்பது வேறு. விமானத்தைக் கண்டால் "அதோ பார்" என்பதுபோல விரல் நீட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறானா? பெயர் சொன்னால் திரும்புகிறானா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் சைகை இல்லாமலே புரிகிறதா? இவை எல்லாம் இருந்தால் மனதுக்குத் தெம்பு. இவை இல்லை என்றாலோ, வந்த வார்த்தை மறைந்துபோனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். "ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு வருடத்தை இழந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் மனசு கனக்கும். எப்படியானாலும் காது கேட்கும் திறனை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். இரண்டு வயதில் இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. அவன் "பந்து" என்றால் நீங்கள் "சிவப்புப் பந்து" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள். கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். நாம் அவசரத்தில் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம்.

இரண்டு வயது. இரவு 11 மணி வரை தூங்க மாட்டாள். எனக்கு உயிரே போகிறது.

இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். காலையில் 9 மணிக்கு எழுந்து, மாலை 5 வரை தூங்கிய குழந்தைக்கு இரவு 8 மணிக்குத் தூக்கம் வராது. அதனால் காலையிலிருந்து தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுப்புங்கள், மதியத் தூக்கத்தை 3 மணிக்குள் முடியுங்கள். பிறகு இரவு நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் கொண்டுவாருங்கள். முகம் கழுவுவது, பல் தேய்ப்பது, ஒரு கதை, விளக்கைக் குறைப்பது என எப்போதும் அதே வரிசை. சாப்பாட்டுக்குச் சொன்னதுதான் இங்கேயும்: இருட்டும் அமைதியும் நேரமும் உங்கள் பொறுப்பு, கண்ணை மூடுவது அவள் பொறுப்பு. விழித்துக்கொண்டு படுத்திருந்தால் படுத்திருக்கட்டும்.

18 மாதம்தான் ஆகிறது. டயப்பரை இன்னும் விடவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

கேட்பவர்கள் கேட்கட்டும். இரண்டு மணி நேரம் உலர்ந்திருப்பது, கக்கா வருவதற்கு முன் ஓரமாகப் போய் நிற்பது, நனைந்தால் சொல்வது, இந்த அடையாளங்கள் 18 மாதத்திலிருந்து இரண்டரை வயதுக்குள் மெல்ல வரும். வந்த பிறகு தொடங்கினால் விரைவில் முடியும். திட்டி உட்கார வைத்தால் குழந்தை மலத்தை அடக்கும், மலச்சிக்கல் வரும், வலிக்கு பயந்து மேலும் அடக்கும். அந்தச் சுழலிலிருந்து வெளியே கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும்.

சமைக்கும்போது மட்டும் செல்போன் கொடுக்கிறேன். தவறா?

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதலில் ஒரு வயதில் திரையே வேண்டாம், இரண்டு வயதில் அதிகபட்சம் 1 மணி நேரம் என்றிருக்கிறது. ஆனாலும் கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் குழந்தை நிற்பதைவிட பத்து நிமிடம் திரை பார்ப்பது எவ்வளவோ மேல். அதற்காக உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். ஊட்டுவதற்கும் அழுகையை நிறுத்துவதற்கும் மட்டும் போனைக் கொடுக்காதீர்கள். மெல்ல மெல்ல அதன் இடத்தில் ஒரு தட்டு, இரண்டு மூடி, ஒரு கரண்டி வையுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி, உங்கள் கண்ணில் படும் இடத்தில். சத்தம் காதைப் பிளக்கும், ஆனால் ஈடுபாட்டோடு விளையாடுவார்கள். தூரத்தில் இருக்கும் சொந்தங்களோடு வீடியோ கால் பேசுவதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

என் மகளுக்கு ஆபத்து வராமல் இருக்க வீட்டில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நீங்களே தவழ்ந்து ஒரு சுற்று வாருங்கள், அவள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று புரியும். வாளியில் சில அங்குலத் தண்ணீர் இருந்தாலும் ஆபத்துதான். தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது, சத்தமும் போடாது. குளித்து முடித்ததும் கவிழ்த்து வையுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடலாம். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அலமாரியைச் சுவரோடு பொருத்துங்கள். சூடான பானத்தை மடியில் குழந்தையோடு குடிக்காதீர்கள்.

பல் தேய்க்க பேஸ்ட் பயன்படுத்தலாமா?

முதல் பல் வந்ததிலிருந்தே, நாளுக்கு இரண்டு முறை. மூன்று வயது வரை ஃப்ளோரைடு பேஸ்ட் ஒரு அரிசி அளவு.

அக்கா, நேற்று என் மகளிடம் கத்தித் தீர்த்துவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் அவள் மிரண்டுபோய் ஒடுங்கிக்கொண்டதைப் பார்த்து ராத்திரி முழுக்க அழுதேன். நான் அம்மாவாக இருக்கவே லாயக்கில்லை என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன்.

எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் அம்மாவும் குழந்தையும் முகம் பார்த்து விளையாடுவதைப் படம் எடுத்து, நொடி நொடியாக ஆராய்ந்தார். நன்றாக இருக்கும் ஜோடிகள்கூட ஒத்திசைந்திருந்தது ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான். மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி சேர்வதும். அப்படிச் சேரும்போதுதான் குழந்தை, உறவு அறுந்தாலும் ஒட்டும் என்று கற்கிறது. நேற்று அறுந்தது. இன்று காலையில் அவள் உயரத்துக்குக் குனிந்து, "அம்மா நேத்து ரொம்பக் கத்திட்டேன். பயந்துட்ட. உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போது சொல்லுங்கள். எல்லா வார்த்தையும் புரியாது, உங்கள் குரலும் முகமும் புரியும்.

அடுத்த முறை தலைக்கு ஏறும்போது அவளை ஆபத்தில்லாத இடத்தில் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் தள்ளிப் போய் நில்லுங்கள். அவள் அழுதாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இது நேற்று ஒரு நாள் மட்டுமா? இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லாமல், குழந்தை தூங்கினாலும் தூக்கம் வராமல், நானே இல்லாவிட்டால் நல்லது என்ற எண்ணம் வந்துபோகிறதா? பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம், கவனிக்காவிட்டால் இரண்டு, மூன்று வருடம்கூட நீடிக்கலாம். அது ஒரு நோய், மருத்துவம் உண்டு, குணமாகும். அந்தக் கடைசி எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவரையே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறேன். 16 மாதப் பையன், நான் கதவைத் தொட்டாலே அலறுகிறான். அவன் பார்க்காத நேரத்தில் நழுவிவிடலாமா?

நழுவாதீர்கள். அன்றைக்கு மட்டும் அழுகை மிச்சமாகும், ஆனால் எந்த நிமிடமும் அம்மா மாயமாகலாம் என்ற பயத்தில் மறுநாளிலிருந்து நீங்கள் குளிக்கப் போனாலும் காலைக் கட்டிக்கொள்வான். 10 மாதத்திலிருந்து 18 மாதம் வரை இந்தப் பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும். இந்த வாரமே அவனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரோடு விட்டுவிட்டு முதலில் 10 நிமிடம், பிறகு அரை மணி, பிறகு இரண்டு மணி என்று வெளியே போய் வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஒரு முத்தம், ஒரே மாதிரி ஒரு வார்த்தை, திரும்பிப் பார்க்காமல் நடை. உங்கள் வாசனை உள்ள துணி ஒன்றை அவனோடு விட்டுப் போங்கள். மாலையில் வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, முதல் பத்து நிமிடம் அவனுக்கு மட்டும். அந்த நேரத்தில்தான் சில பிள்ளைகள் பகலெல்லாம் அடக்கிவைத்த அழுகையைக் கொட்டும். கொட்டட்டும், மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.