நான்கு இருக்கை பனமேராவில் ஐந்தாவது இருக்கை போடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2012-ஆம் ஆண்டு போர்ஷே பனமேரா ஒன்றைப் பழைய காராக வாங்கி, நான்கு ஆண்டுகளாக ஆசையோடு ஓட்டிவருகிறார். பின்புறம் இரண்டு தனித்தனி இருக்கைகள். நடுவில் கை வைத்துக்கொள்ளும் மேடை. மூத்த மகனுக்கு 11 வயது, மகளுக்கு 7. எட்டு மாதங்களுக்கு முன் மூன்றாவது குழந்தை பிறந்திருக்கிறது. "வீட்டில் ஐந்து பேர், காரில் நான்கு இடம். இங்கே சீட் வேலை செய்யும் கடைக்காரர் ஒருவர், நடு மேடையைக் கழற்றிவிட்டு ஒரு குஷனும் இடுப்பு பெல்ட்டும் இரண்டே நாளில் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். ஆர்.சி.யில் மாற்றிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறதாம். முன்பணம் கொடுக்கலாமா?" என்று கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டிருந்தால், பணம் போனாலும் பரவாயில்லை என்று வேலையை நிறுத்திவிடுங்கள். சட்டம் ஒரு காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். அதைவிடப் பெரிய காரணம் அந்த மேடைக்கு அடியில் இருக்கிறது.

இதே வகையைச் சேர்ந்த நான்கு இருக்கை கார் ஒன்றின் நடு மேடையைப் பணிமனையில் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மேல் மூடியையும் தோலையும் எடுத்தவுடன் பின்பக்கத்துக்குக் குளிர்காற்று கொண்டுபோகும் பிளாஸ்டிக் குழாய் வந்தது. அதன் பக்கவாட்டில் கட்டைவிரல் தடிமனில் ஒயர் கட்டு. இரண்டையும் விலக்கினால் சத்தம் அடக்கும் தடித்த கம்பளி, அதற்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டு மேடு. பனமேராவுக்கு எஞ்சின் முன்னால் இருக்கிறது, பின்சக்கரங்களுக்கும் இழுவை போகவேண்டும். அதற்கான சுழல்தண்டு அந்த மேட்டுக்கு அடியில்தான் ஓடுகிறது. கடைக்காரர் குஷன் போட நினைப்பது இதன் முதுகில். பெல்ட்டை எங்கே மாட்டுவார் என்பதுதான் அவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி.

இருக்கை என்றதும் நமக்கு மெத்தையும் தோலும் கண்ணில் தெரிகின்றன. கார் செய்கிறவர்களுக்கு இருக்கை என்பது பெல்ட். அந்தப் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் தகடு. ஐ.நா.வின் வாகன விதிமுறை எண் 14, அதே பொருளைப் பேசும் நம் நாட்டு வாகனத் தரமான ஏ.ஐ.எஸ். 015 ஆகியவை இந்தப் பிடிமானங்களைப் பற்றியவை. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பயணிகள் காரின் மும்முனை பெல்ட் ஒன்றுக்கு, ஐ.நா. விதிமுறைப்படி தோள்பட்டைப் பகுதியில் 13,500 நியூட்டன், இடுப்புப் பகுதியில் இன்னொரு 13,500 நியூட்டன் விசை கொடுத்து இழுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,370 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வெறும் இடுப்பு பெல்ட் என்றால் அந்த ஒன்றே 22,250 நியூட்டனைத் தாங்கவேண்டும். ஒரே வரிசையில் உள்ள எல்லா பெல்ட்களையும் ஒரே நேரத்தில் இழுப்பார்கள். அதாவது இரண்டு பேருக்கென்று செய்த பின்வரிசையில் மூன்றாவது ஆளை உட்காரவைத்தால், அந்த ஆளுக்கு மட்டும் பெல்ட் மாட்டினால் போதாது. மூவரும் சேர்ந்து முன்னால் வீசப்படும் விசையை அந்தத் தரை தாங்கவேண்டும். உங்கள் காரின் தரை அந்தச் சோதனையை இரண்டு பேருக்காக மட்டுமே எழுதியிருக்கிறது.

சாதாரணமாகக் காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்தான் இருக்கும். பெல்ட் பிடிக்கும் இடத்தில் மட்டும் அடியில் வலுத்தகடு வைத்து, நட்டை வெல்டிங் செய்து, அதில் 7/16 அங்குலக் கடின எஃகு போல்ட் இறக்குவார்கள். சில ஆண்டுகளுக்கு முன், வெளியில் நடு இருக்கை போட்டு வந்த வேறொரு கார் என்னிடம் வந்தது. பெல்ட்டின் பக்கிளை இரண்டு கைகளாலும் பிடித்து மேல்நோக்கி இழுத்தேன். தரை விரிப்பு பொத்தென்று மேலெழும்பியது. விரிப்பைத் தூக்கினால், மெல்லிய தகட்டில் துளையிட்டு, அடியில் காசளவு வாஷர் மட்டும் வைத்து முறுக்கியிருந்தார்கள். துளையின் ஓரம் ஏற்கெனவே கிண்ணம்போல் குழிந்திருந்தது. நான் கொடுத்தது கை பலம். அந்த இருக்கையில் தினமும் பள்ளிக்குப் போனது ஒன்பது வயதுக் குழந்தை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பகுதி நசுங்கி, 60 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவருடைய எடை அந்தக் கணத்தில் சராசரியாக 16 மடங்காகிறது. 75 கிலோ ஆள் 1,200 கிலோ. உச்சத்தில் இன்னும் கூடுதல். உங்கள் கைக்குழந்தை எட்டுக் கிலோ என்றால், 130 கிலோ. இடம் போதவில்லை என்று தாயின் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு போகிற பழக்கம் நம் குடும்பங்களில் நிறைய. 130 கிலோவை எந்தத் தாயின் கையும் பிடித்துவைக்க முடியாது. தாயையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் கட்டுவது அதைவிடக் கொடுமை. பின்னாலிருந்து வரும் தாயின் எடை முழுவதும் குழந்தைமேல் அழுந்தும்.

இடுப்பு பெல்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். தோள்பட்டைப் பட்டை இல்லாமல் இடுப்பில் மட்டும் கட்டியவர் மோதலில் கத்தரிபோல் மடிவார். பெல்ட் இடுப்பெலும்பிலிருந்து வழுக்கி வயிற்றுக்கு ஏறும். குடல் கிழிவதும் கீழ்முதுகெலும்பு உடைவதும் இப்படித்தான். குழந்தைகளின் இடுப்பெலும்பு முழுதாக வளர்ந்திராததால் அவர்களுக்கு இது எளிதில் நேர்கிறது. சரி, மும்முனை பெல்ட்டே போடச்சொல்கிறேன் என்றால், அதன் மேல்முனைக்கு இடம் வேண்டும். பின்கதவு மேலே திறக்கும், இருக்கை மடங்கும் கார்களில் நடு பெல்ட் பெரும்பாலும் இருக்கையின் முதுகுக்குள்ளிருந்தோ கூரையிலிருந்தோ வருகிறது. முதுகுக்குள்ளிருந்து வந்தால், அந்த முதுகின் இரும்புச் சட்டமும் அதைப் பூட்டும் கொக்கியும் அந்த விசையைத் தாங்கும்படி தொடக்கத்திலேயே செய்யப்பட்டிருக்கவேண்டும். தையல் கடையில் அதைச் சேர்க்க முடியாது.

"ஜெர்மனியில் இதே பனமேராவுக்கு ஐந்து இருக்கை வந்திருக்கிறதே, அந்த சீட்டை வரவழைத்து மாட்டினால் என்ன?" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். வந்தது உண்மைதான். 2009-இல் ஷாங்காயில் அறிமுகமான முதல் தலைமுறைப் பனமேரா நான்கு தனி இருக்கைகளோடு வந்தது. காரின் உயரம் 1,418 மில்லிமீட்டர்தான்; பின்னால் உட்காருபவரின் தலை கூரையில் இடிக்காதிருக்க இருக்கைகளைத் தாழ்த்தி, கிண்ணம்போல் குழித்துச் செய்தார்கள். நடுவில் மேட்டின்மேல் ஒருவரை உட்காரவைத்தால் அவர் தலை மற்றவர்களைவிட ஒரு சாண் உயரே போய்விடும். அடுத்த தலைமுறையில், 2017-இல் ஜெனீவாவில் காட்டிய ஸ்போர்ட் டூரிஸ்மோ என்ற நீளக்கூரை வடிவத்தில்தான் நடுவில் இடம் கொடுத்தார்கள். அப்போதும் அதை ஐந்து இருக்கை என்று சொல்லவில்லை, '4+1' என்றார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் 2012 காரின் உடற்சட்டம் வேறு, அந்தக் காரின் உடற்சட்டம் வேறு. அதன் இருக்கை இதில் அமராது. ஓரங்களை வெட்டி ஒட்டி அமரவைத்தாலும் அடியில் பிடிமானம் இல்லை.

மற்ற நிறுவனங்களையும் பாருங்கள். 2004-இல் வந்த முதல் மெர்சிடிஸ் சிஎல்எஸ் நான்கு இருக்கை. 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் ஐந்து. ஆடி ஆர்எஸ்7 முதல் தலைமுறை நான்கு. 2019-இல் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் மூவர் அமரும் பின்வரிசை கிடைத்தது. ஒரு குஷனைச் சேர்க்க, தங்கள் சொந்தக் காரில், சொந்தத் தொழிற்சாலையில், அவர்களே புதிய தலைமுறை வரும்வரை காத்திருந்திருக்கிறார்கள். இரண்டு நாளில் முடிப்பதாகச் சொல்பவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றோடு ஒத்துவராதபடி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. இருக்கை எண்ணிக்கை ஆர்.சி.யில் உள்ள விவரம். எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு போன்ற சிலவற்றுக்கு வழி உண்டு. பின்னால் ஓர் ஆளைக் கூட்டுவதற்கு இல்லை. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்தப்பட்ட 182-ஏ பிரிவின்படி, இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆகவே 'ஆர்.சி.யில் ஏற்றித்தரும் ஆள்' செய்யப்போவது உங்கள் பெயரில் ஒரு பொய்ப் பதிவு.

காப்பீட்டைப் பலர் நினைப்பதில்லை. 42 பேருக்கு அனுமதி பெற்ற பேருந்து ஏறத்தாழ 90 பேரோடு கவிழ்ந்த வழக்கில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேற்பட்டவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பாகாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு பேருக்கான காரில் ஐந்தாவதாக இருப்பவர் உங்கள் பிள்ளை என்பதையும், மாற்றத்தைக் காரணம் காட்டிக் காருக்கான இழப்பீட்டையே நிறுவனம் மறுக்கக்கூடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அப்படியானால் என்ன செய்வது? ஐந்து பேரும் சேர்ந்து போகும் பயணங்களுக்கு இந்தக் கார் பயன்படாது. அதைச் சொல்ல எனக்கே வருத்தம்தான். நான்கு ஆண்டு ஆசையோடு வைத்திருந்த கார். வீட்டில் இரண்டாவது கார் இருந்தால், குடும்பப் பயணத்துக்கு அதை எடுங்கள், பனமேராவை நான்கு பேருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். விற்று மாற்றுவதாக இருந்தால், வேகமும் வேண்டும், ஐந்து இடமும் வேண்டும் என்பவருக்கு பிஎம்டபிள்யூ எம்5, போர்ஷே கெயென் போன்றவை தொடக்கத்திலிருந்தே ஐந்து பேருக்காகச் செய்யப்பட்டவை. கெயென் கூபேயில் மட்டும் கவனம் தேவை: அதன் பின்வரிசை இருவருக்கும் வரும், மூவருக்கும் வரும். பிஎம்டபிள்யூ எக்ஸ்6 2008-இல் நான்கு இருக்கையாக அறிமுகமானது. பழைய எக்ஸ்6 வாங்குவதானாலும் இதே எச்சரிக்கை. விற்பவர் வாய்மொழியாகச் சொல்வதை விட்டுவிட்டு ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கையைப் படியுங்கள். பிறகு பின்கதவைத் திறந்து மூன்று பக்கிள்களையும் கையால் தொட்டு எண்ணுங்கள், இரண்டும் ஒத்துவரவேண்டும்.

ஆர்.சி.யில் ஐந்து என்று இருந்தால் மட்டும் போதாது, உங்களுக்கு இன்னொரு அளவும் முக்கியம். ஐ-சைஸ் என்ற குழந்தை இருக்கைத் தரத்தின்படி இருக்கை ஒன்று 44 சென்டிமீட்டர் அகலம் வரை இருக்கலாம். பின்னால் கைக்குழந்தைக்கு ஒன்று, மகளுக்கு உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கை ஒன்று வைத்தபின் நடுவில் மிஞ்சுவது எவ்வளவு? குழந்தை இருக்கையைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் ஓர இருக்கைகளில்தான் இருக்கின்றன. எனவே அந்த இரண்டும் ஓரங்களுக்குப் போகும், நடுவில் உங்கள் மகனோ மனைவியோ அமரவேண்டும். மகனுக்கு பூஸ்டர் இன்னும் தேவையா என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதுகு சாய்ந்து உட்கார்ந்த நிலையில் பெல்ட் கழுத்தில் உராயாமல் தோளெலும்பின்மேல் வருகிறதா, கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பில் படிகிறதா என்று பாருங்கள். மகனை முன்னிருக்கையில் வைத்தால், அந்த இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளுங்கள். கைக்குழந்தையின் பின்நோக்கிய இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கார் பார்க்கப் போகும் நாளில் மூன்று பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். குழந்தை இருக்கையையும் பூஸ்டரையும் டிக்கியில் போட்டுக்கொண்டு, கையில் ஓர் அளவு நாடாவோடு போங்கள். இரண்டையும் மாட்டி, நடுவில் ஒருவரை உட்காரவைத்து, மூன்று பக்கிள்களும் 'டக்' என்று பூட்டுகின்றனவா என்று பாருங்கள். நடு பக்கிள் குழந்தை இருக்கையின் அடியில் மறைந்து கை போகவில்லையென்றால், அந்தக் கார் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த காரைப் பார்க்கக் கிளம்பிவிடுங்கள்.