கண்டல் (அலையாத்தி, மாங்குரோவ்) காடு மீட்பு: பிச்சாவரம் பத்தி கேட்டதும் என் பதிலும்

புவனகிரி தம்பி: அண்ணா, காலேஜ் பசங்க சேர்ந்து பிச்சாவரம் பக்கம் காலி திட்டுல கண்டல் கன்னு நடலாம்னு இருக்கோம், எந்த மாசம் நல்லது?

மாசத்த அப்பறம் பாப்போம் தம்பி, மொதல்ல அந்தத் திட்டுக்குள்ள கடல் தண்ணி வந்து திரும்பிப் போவுதான்னு பாருங்க. மேல வெள்ளையா உப்பு பூத்து வெறும் உமரிச் செடி (உப்பு மண்ணுல வளர்றது) மட்டும் கெடந்தா எத்தன கன்னு வச்சாலும் கருகிடும். வெள்ளக்காரன் காலத்துல பகுதி பகுதியா மொத்த மரத்தையும் வெட்டுனாங்க, நெழல் போயி சேறு காஞ்சு அமுங்கி பள்ளமாச்சு, கடல் ஏத்தத்துல வந்த தண்ணி கடல் வத்தத்துல வெளிய போவ வழியில்லாம அங்கயே நின்னு ஆவியாயி உப்பு ஏறிக்கிட்டே போச்சு. அதனாலதான் 1990கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்க்காரங்களோட சேர்ந்து மீன்முள்ளு வடிவத்துல வாய்க்கா வெட்டுனாங்க, நடுவுல ஒரு பெரிய வாய்க்கா, ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கா. தண்ணி ஓட ஆரம்பிச்சு உப்பு எறங்குச்சு. வெண்கண்டல் கன்ன வாய்க்கா கரையோரமா நட்டாங்க. வண்டல் அடைச்சா தூர் வாரணும், அத விட்டுட்டா பழைய கதைதான்.

கடலூர் ஓ.டி. அக்கா: கண்டல் காடு கார்பன புடிச்சு வைக்கும்ங்கறாங்க, கார்பன் மரத்துலதான இருக்கும், வளர்ற வரைக்கும் என்ன பிரயோஜனம்?

பெரும்பங்கு சேத்துல இருக்குக்கா. அந்தக் கருஞ்சேத்த தோண்டுனா அழுகுன முட்ட நாத்தம் வரும் பாருங்க, உள்ள காத்தே இல்லன்னு அர்த்தம், அதனால விழுந்த இலையும் வேரும் சீக்கிரம் மக்காது, அதுல உள்ள கார்பனும் சேத்துலயே தங்கிடும்.

நெய்வேலி சார்: ஸ்காட்லாந்துல சதுப்பு நெலத்த மீட்க வாய்க்கால அடைக்கிறாங்க, நீங்க வெட்டச் சொல்றீங்களே?

நல்லா கேட்டீங்க சார். அங்க மழத்தண்ணியில ஸ்பாக்னம் பாசி மக்காம ஆயிரக்கணக்கான வருஷமா சேர்ந்து பீட் மண்ணாயிருக்கு. ஒலக நெலப்பரப்புல 3 சதவீதம் போலதான் பீட், ஆனா எல்லா காட்டு மரத்தையும் விட அதிக கார்பன் அதுல இருக்கு. வெவசாயத்துக்கும் ஆடு மேய்க்கவும் தண்ணிய வடிச்சாங்க, காத்து புகுந்து மக்கி கார்பன் டை ஆக்சைடா போவுது, அதான் அடைக்கிறாங்க. அங்க தண்ணி நிக்கணும், இங்க வந்து போவணும்.

கிள்ளை அண்ணன்: மீனுக்கு லாபமா?

லாபந்தாண்ணே, எறா குஞ்சும் நண்டு குஞ்சும் வேருக்குள்ளதான் ஒளிஞ்சு வளருது.

அரியாங்குப்பம் தோழி: எங்க முகத்துவாரத்துல சும்மா கெடக்குற சேத்துத் திட்டுல நடலாமா?

தயவுசெஞ்சு வேணாம்மா. வத்தத்துல உள்ளான் பறவைக் கூட்டம் எறங்கி புழு பொறுக்குற எடம் அது, மரம் வச்சா அதுங்களுக்கு மேய எடம் போயிடும். முன்னாடி கண்டல் இருந்து அழிஞ்ச கரைய மட்டும் பாருங்க, வனத்துறைகிட்ட கேட்டுட்டு எறங்குங்க.