முதியோர் தனிமையும் ஊர்க்கூடல்களும்: கேள்வி பதில்

கேள்வி: தந்தையார் மறைந்த பிறகு என் தாயார் வாசலைத் தாண்டுவதில்லை. பகல்நேர மையத்தில் சேர்க்கலாமா?

பதில்: தமிழக அரசு 2025 நவம்பரில் தொடங்கிய அன்புச்சோலை மையங்களில் முதியோர் பகல் முழுவதும் இருந்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம். முதற்கட்டமாக 25 மையங்களே அறிவிக்கப்பட்டன என்பதால், அருகில் ஒன்று உள்ளதா என மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் விசாரியுங்கள். பிள்ளைகள் தம்மை முதியோர் இல்லத்தில் விட்டுவிடப் போகிறார்கள் என்ற அச்சமே பலரைத் தடுக்கிறது. ஆகவே முதல் சில நாட்கள் அவருக்குப் பழக்கமான ஒருவர் உடன் சென்று, மாலையில் அவருடனேயே திரும்பட்டும்.

கேள்வி: எங்கள் சிற்றூரில் மையம் எதுவும் இல்லை. நாங்களே என்ன தொடங்க முடியும்?

பதில்: முதியோர் சுய உதவிக் குழுவையே நான் முதலில் பரிந்துரைப்பேன். ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர்ப் பகுதியில் ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற முதியோர் நலத் தொண்டு நிறுவனம் இத்தகைய குழுக்களை அமைத்தது. தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் விதிப்படி வழக்கமான குழுவுக்குப் பத்துப் பேர் தேவை. முதியோர் குழுவுக்கு ஐந்து பேர் போதும், ஆண்களும் சேரலாம். சேமிப்பும் கடனும் வெளிப்படையான பயன்கள். எனினும் என் மதிப்பீட்டில் பெரிய பயன் வருகைப் பதிவேட்டில்தான் இருக்கிறது: கூட்டத்தன்று ஒரு பாட்டி வரவில்லை, அவருடைய சந்தாவும் வரவில்லை என்றால், கணக்கை முடிப்பதற்காகவேனும் யாரோ ஒருவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும். ஆண்டுக்கொரு முறை பொன்னாடை போர்த்தி அனுப்பிவைக்கும் விழாக்களில் இது நடப்பதில்லை. குழு தொடங்க, மகளிர் திட்ட அலுவலகத்தையோ சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையோ அணுகுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கக் கூடலுக்குப் பெண்கள் வருகிறார்கள், ஓய்வுபெற்ற ஆண்கள் எட்டிப் பார்ப்பதில்லை.

பதில்: "பேசிக்கொண்டிருக்க வாருங்கள்" என்றால் அவர்கள் வருவது அரிது, வேலை இருக்கிறது என்றால் வருவார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் உருவான ஆண்களுக்கான பொதுப் பட்டறைகள் இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன: மரவேலையும் பழுதுபார்ப்பும் நடக்கும்போது பேச்சு தானாக வரும். பணியில் கோப்புகளோடு பழகியவரிடம் அண்டை வீட்டாரின் ஓய்வூதிய விண்ணப்பங்களை நிரப்பித் தரும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: என் மாமனார் கூடலுக்கு வந்தும் யாருடனும் பேசாமல் அமர்ந்திருக்கிறார். மனச்சோர்வாக இருக்குமா?

பதில்: இருக்கலாம்; ஆனால் முதலில் செவித்திறனைப் பரிசோதியுங்கள். மின்விசிறி இரைச்சலில், ஒலிபெருக்கி வைத்த கூடத்தில், பாதி சொற்கள் பிடிபடாதவர் சிரித்துத் தலையாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மேடையை நோக்கிய நாற்காலி வரிசைகளைக் கலைத்து, நால்வர் ஐவராக முகம் பார்த்து அமரச் செய்யுங்கள். குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு, 2017இல் தொடங்கப்பட்ட ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் காது கேட்கும் கருவி இலவசமாகக் கிடைக்கும்.

கேள்வி: நடக்க இயலாதவர்களுக்கு?

பதில்: அவர்களைத் தேடித் தன்னார்வலர்கள் செல்ல வேண்டும், ஒரே முகம், ஒரே கிழமை, ஒரே நேரம் என்பது முக்கியம். இடைப்பட்ட நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் அழைத்துப் பேசலாம்.